ஒருநாள் வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு பழைய துபாய்க்காரன் எழுதுவது

வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறவர்களுக்குப் பயணத்துக்கு முந்தைய பயிற்சி வகுப்பு எடுக்கும் அலுவலர்களுக்கும், அதற்குப் பாடம் எழுதிக் கொடுப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன். 2006-இல் ஷார்ஜாவுக்கு ஹெல்பராகப் போனேன். பிறகு எலக்ட்ரீஷியன், கடைசி ஆறு வருடம் ஃபோர்மேன். 2023-இல் ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஷார்ஜா என்று சொல்கிறேனே தவிர, எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அபுதாபி, தோஹா, மஸ்கட் எல்லாமே எங்களுக்குத் துபாய்தான். பந்தலில் பத்திரிகை வைக்கும்போதுகூட என் பெயருக்கு முன்னால் ‘துபாய்’ போட்டார்கள். நானும் மறுத்ததில்லை.

இந்த மடலுக்குக் காரணம் என் அக்கா மகன். வயது 22. பத்தாம் வகுப்பில் கணக்கு கைவிட்டுவிட்டது. அதனால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி வேண்டும் என்கிற இ.சி.ஆர். முத்திரை. பிளம்பிங் நன்றாகச் செய்வான். துபாயில் வேலை வந்திருக்கிறது. இ.சி.ஆர். ஆள் என்பதால் உங்கள் வகுப்புக்கு அனுப்பினார்கள். காலையில் போனவன் சாயங்காலம் ஒரு சான்றிதழோடும் கையேட்டோடும் வந்தான். வகுப்பு எப்படி என்றேன். “நல்லா சொன்னாங்க மாமா. அந்த நாட்டுச் சட்டத்தை மதிக்கணும், இந்தியாவுக்கு நல்ல பேர் வாங்கித் தரணும்னாங்க” என்றான்.

சரி என்று மூன்று கேள்வி கேட்டேன். உன் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு? முதல் சம்பளம் கைக்கு எப்போது வரும்? விசாவில் உன் கம்பெனி பெயர் என்ன போட்டிருக்கிறது? மூன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை. ஏஜென்ட்டிடம் கேட்கலாம் மாமா என்றான். எட்டு மணி நேரம் உட்கார்ந்து வந்த பிறகும் ஏஜென்ட்தான் அவனுக்கு வாத்தியார்.

உங்களைக் குறை சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் போன காலத்தில் இந்த வகுப்பே கிடையாது. ஆனால் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், அந்த ஒரு நாளை எதற்குச் செலவழிப்பது என்பதில் எனக்குச் சொல்ல இருக்கிறது. எதற்கு முன் எதைச் செய்ய வேண்டும் என்கிற வரிசையைச் சொல்லிக்கொடுங்கள். வளைகுடாவில் ஏமாந்த ஆட்களில் நான் பார்த்த முக்கால்வாசிப் பேர் விவரம் தெரியாமல் ஏமாறவில்லை. விவரம் பிந்தித் தெரிந்ததால் ஏமாந்தார்கள். பணம் கொடுத்த பிறகு சம்பளம் தெரிகிறது. விமானம் ஏறிய பிறகு விசா என்ன விசா என்று தெரிகிறது.

முதலில் எக்ஸ்ரே. கடன் வாங்குவதற்கு முன், நகை அடகு வைப்பதற்கு முன், உள்ளூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று, ரத்தப் பரிசோதனை ஒன்று. அங்கே போய் இறங்கியதும் அரசாங்க மெடிக்கல் இருக்கிறது. புதிதாக வந்தவனுக்குக் காசநோய் என்று தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். எப்போதோ வந்து ஆறிப்போன நோயின் தழும்பே சிலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. என்னோடு ஒரே விமானத்தில் வந்த மன்னார்குடிப் பையன் ஒருவன் பத்தொன்பதாம் நாள் திரும்பினான். அவன் அப்பா விற்ற மாடு திரும்பவில்லை. சில நூறு ரூபாய் எக்ஸ்ரே அது.

இரண்டாவது, ஏஜென்ட். உரிமம் உள்ள ஏஜென்ட் யார் என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். அந்த தளத்தை வகுப்பிலேயே, அவரவர் போனிலேயே திறக்க வையுங்கள். பையன்கள் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. உரிமம் உள்ளவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீது தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது என்பதைக் கரும்பலகையில் எழுதுங்கள். அப்புறம் அதற்குக் கீழே இன்னொன்றையும் எழுதுங்கள்: ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது, அது கம்பெனியின் செலவு. ஆக, விசாவுக்குக் கம்பெனியும் கட்டியிருக்கும், நம் பையனும் கட்டியிருப்பான். நடுவில் நிற்பவர் பங்களா கட்டியிருப்பார். 2006-இல் என்னிடம் 85,000 ரூபாய் வாங்கினார்கள். ரசீது கேட்டதற்கு, “நம்பிக்கை இல்லேன்னா விடுப்பா” என்றார் அந்த ஆள். விட்டிருக்கலாம்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஆஃபர் லெட்டர். அமீரகத்தில் தொழிலாளர் அமைச்சகத்தின் அச்சிட்ட படிவம் ஒன்று உண்டு. அரபி, ஆங்கிலம், அதோடு தொழிலாளிக்குப் புரிகிற மூன்றாவது மொழி ஒன்றிலும் அது இருக்க வேண்டும். 2016-இலிருந்து இதுதான் விதி. அந்த மூன்றாவது மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. இது நம் பையன்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அக்கா மகனிடம் சொன்னபோது அவன் சிரித்தான், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. ஏஜென்ட்டிடம் “தமிழில் உள்ள ஆஃபர் லெட்டர் வேண்டும்” என்று கேட்டான். அங்கே சிரிப்பு இல்லை. ஒரு வாரம் இழுத்து அனுப்பினார்கள்.

அந்தக் காகிதத்தில் எதைப் பார்ப்பது? மொத்தச் சம்பளத்தைப் பார்க்கக் கூடாது. பேசிக்கைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு மணி நேரம் முழுசாக ஒதுக்குங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஏஜென்ட் “ஆயிரம் திர்ஹம்” என்பார். அதில் 600 பேசிக், 400 படி என்று எழுதியிருக்கும். பையனுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆயிரம் வந்தால் சரி. ஆனால் ஓவர்டைமுக்கு எடுக்கும் கணக்கு பேசிக்கில்தான். நாளைக்கு எட்டு மணி நேரம் போக மேலே பார்க்கும் வேலைக்கு, பேசிக்கின் மணிக்கூலியோடு கால்பங்கு கூடுதல். இரவு பத்துக்கும் விடிகாலை நாலுக்கும் இடையே என்றால் அரைப்பங்கு கூடுதல். பேசிக் 600 என்றால் ஒரு மணி ஓ.டி.க்கு மூன்று திர்ஹம் சொச்சம். 1,000 என்றால் ஐந்துக்கு மேல். தினம் இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்று போட்டுப் பாருங்கள், நூறு திர்ஹத்துக்கு மேல் வித்தியாசம் விழும்.

அதைவிடப் பெரிய அடி, முடித்து வரும்போது. சர்வீஸ் பணம் என்று நாங்கள் சொல்வது, ஒரு வருடம் முடித்தவனுக்கு உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள் பேசிக். 600 பேசிக்கில் ஐந்து வருடம் உழைத்தவனுக்கு 2,100 திர்ஹம். 1,000 பேசிக்கில் 3,500. வாயால் சொன்ன சம்பளம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இந்தக் கணக்கைப் பையன்களையே போட வையுங்கள். கணக்கில் தவறியவன்தான் என் அக்கா மகன். திர்ஹத்தில் கொடுத்தபோது அரை நிமிடத்தில் போட்டான்.

விசா தாளையும் இதே போலப் படிக்க வைக்க வேண்டும். அதில் வேலை விசாவா, சுற்றுலாவா, விசிட்டா என்று போட்டிருக்கும். கம்பெனி பெயர் இருக்கும், தொழில் பெயர் இருக்கும். “முதல்ல விசிட்ல போ தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்” என்பதுதான் எங்கள் பக்கம் இன்றைக்கும் ஓடுகிற வண்டி. இ.சி.ஆர். பாஸ்போர்ட்காரனுக்கு வேலை விசா என்றால் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும், ஒப்பந்தம் பதிவாக வேண்டும். விசிட் விசா என்றால் இதெல்லாம் எதுவும் வேண்டாம். அதனால்தான் அந்தக் குறுக்குவழி. விசிட்டில் போய் வேலை செய்வது அங்கே குற்றம். தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கவும் முடியாது, ஏனென்றால் காகிதப்படி அவன் சுற்றிப் பார்க்க வந்தவன். அமீரகம் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பொதுமன்னிப்பு கொடுத்தபோது தெரிந்தவர்கள் சிலர் அதில்தான் கரையேறினார்கள். பொதுமன்னிப்பை நம்பி யாரும் விமானம் ஏற முடியாது அல்லவா?

பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டைப் பற்றி வகுப்பில் சொன்னீர்களாம், நன்றி. 275 ரூபாய்க்கு இரண்டு வருடம், 375-க்கு மூன்று வருடம், விபத்தில் உயிர் போனாலோ நிரந்தரமாக முடங்கினாலோ பத்து லட்சம். ஒன்றே ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள்: அந்தப் பாலிசித் தாளை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். பணம் வாங்க வேண்டியவர்கள் வீட்டில்தானே இருக்கிறார்கள். நான் பார்த்த வரையில் எல்லாருமே அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பெட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது, கசகசா. அம்மாமார்கள் இடித்துத் தரும் குருமாப் பொடியில் அது இருக்கும். அமீரகத்திலும் சவூதியிலும் கசகசா போதைப்பொருள் கணக்கில் வரும். சமையல் சாமான் என்று சுங்கத்தில் சொல்லிப் பயனில்லை. இருமல் மருந்திலும் வலி மாத்திரையிலும் இதே ஆபத்து. கோடீன், ட்ரமடால் உள்ளவை கட்டுப்பாட்டில் இருப்பவை, டாக்டர் சீட்டும் அந்நாட்டு சுகாதார அமைச்சகத்தின் முன் அனுமதியும் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. வெற்றிலை பாக்கும் வேண்டாம். பக்கத்து வீட்டு அத்தை தன் மகனுக்கென்று ஒட்டிக் கொடுக்கும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதே என்று நீங்கள் சொன்னால் அது அரசாங்கம் சொன்னதாக ஆகும். பையனே சொன்னால் ஊரில் பகை. இந்த உதவியை மட்டுமாவது செய்யுங்கள்.

இனி இறங்கிய பிறகு.

ஆரம்பத்திலேயே ஒரு நிஜத்தைச் சொல்லிவிடுங்கள்: முதல் சம்பளம் ஒன்றரை மாதமாவது ஆகும், இரண்டும் ஆகலாம். வேலை விசாவில் உள்ளே வந்தவனுக்கு மெடிக்கல், கைரேகை, எமிரேட்ஸ் ஐடி என்கிற அடையாள அட்டை, ஒப்பந்தக் கையெழுத்து, குடியிருப்பு அனுமதி எல்லாம் முடிக்க 60 நாள் அவகாசம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. ஐடி கைக்கு வந்தால்தான் சம்பளக் கார்டு. அதுவரை சோற்றுக்கு என்ன செய்வது? ஊரிலிருந்து ஐந்நூறு திர்ஹமாவது மாற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். கையில் காசு இல்லாதவன்தான் முதல் மாதமே தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் கைமாற்று வாங்குகிறான், கேட்ட தாளில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறான். நான் போட்டேன். அரபியில் ஒரு தாள். ஹெல்பருக்கு 450 திர்ஹம் என்று அதில் இருந்தது. ஊரில் பேசியது எலக்ட்ரீஷியனுக்கு 900. அரபி படிக்கத் தெரிந்த பாகிஸ்தானி டிரைவர் ஒருவர் நாலு மாதம் கழித்து வாசித்துச் சொன்னார். அப்போது திரும்பிப் போகவும் வழியில்லை, ஊரில் வட்டி மூன்று ரூபாயில் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது நிலைமை அவ்வளவு மோசமில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2009-இலிருந்து சம்பளம் வங்கி வழியாகத்தான் போட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கம்பெனி போட்டதா இல்லையா என்பது அமைச்சகத்துக்கே தெரிந்துவிடும். ஒப்பந்தத்தைத் தொழிலாளியே அமைச்சகத்தின் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். 2022 பிப்ரவரியில் வந்த புதிய தொழிலாளர் சட்டம் பல இடங்களில் தெளிவாக இருக்கிறது. தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. அந்தக் காலத்துக்குள் ஊர் திரும்புவதென்றால் 14 நாள் முன்னறிவிப்பு, அங்கேயே வேறு கம்பெனிக்குப் போவதென்றால் ஒரு மாத முன்னறிவிப்பு. சொல்லாமல் கிளம்பினால் ‘ஓடிப்போனவன்’ என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதப்பட்டவனுக்கு அதற்குப் பிறகு வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு. கோபத்தில் பெட்டியைத் தூக்காதே என்று ஒரு வரி சொல்லுங்கள்.

பாஸ்போர்ட்டைப் பற்றி எனக்குச் சொந்தக் கதை உண்டு. தொழிலாளியின் பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்துவைக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் “பாதுகாப்புக்கு” என்று வாங்கி வைப்பது வழக்கம். 2011-இல் ஒரு வியாழக்கிழமை இரவு அப்பா போய்விட்டார் என்று போன் வந்தது. பாஸ்போர்ட் ஆபீஸ் பெட்டியில். மறுநாள் வெள்ளி, ஆபீஸ் மூடியிருந்தது. சாவி முதீரிடம், அதாவது மேனேஜரிடம். முதீர் போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. ஊரில் அதற்கு முந்தைய நாள் சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். தம்பிதான் கொள்ளி வைத்தான். அந்த முதீர் கெட்ட மனிதர் இல்லை, எனக்கு டிக்கெட் காசுகூடக் கொடுத்தார். பாஸ்போர்ட்டை என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தால் நான் அப்பா முகத்தைப் பார்த்திருப்பேன், அவ்வளவுதான். கேட்டு வாங்கு, கொடுக்க மறுத்தால் எழுத்தில் கேள், எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி வை. இதைப் பையன்களுக்குச் சொல்லும்போது என் பெயர் வேண்டாம், கதையைச் சொல்லுங்கள்.

தங்குமிடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, போனதும் பழகிவிடும். துபாயில் பெரிய கேம்ப் இருக்கும் இடத்துக்குச் சோனாப்பூர் என்று பெயர், தங்க நகரம் என்று அர்த்தம். வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை. அடுக்குக் கட்டில், மூட்டைப்பூச்சி, விடிகாலை நாலரைக்கு பஸ். 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் கம்பெனி, 1,500 திர்ஹத்துக்குக் கீழ் சம்பளம் வாங்குகிறவனுக்குத் தங்குமிடம் தர வேண்டும் என்பது விதி. ரூம் வாடகை என்று பிடித்தால் கேட்கலாம். கட்டிலில் கீழ்த்தட்டு கிடைத்தால் விடக் கூடாது. சாப்பாட்டுக்கு எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து மெஸ் போட்டால் செலவு பாதி. சமைக்கத் தெரியாமல் போகிறவன் குப்பூஸ் ரொட்டியும் தயிருமாக ஒரு மாதத்தில் துரும்பாகிவிடுவான். சாம்பார், ரசம், ஒரு கோழிக்குழம்பு, மூன்றும் கற்றுக்கொண்டு வரச் சொல்லுங்கள். என் கேம்ப்பில் நல்ல சமையல்காரனுக்குப் பாத்திரம் கழுவும் முறை கிடையாது. அந்த மரியாதை ஃபோர்மேனுக்குக்கூட இல்லை.

வெயிலைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலில் வளர்ந்தவன்தானே என்று பையன்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். அது வேறு வெயில். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று தடை உண்டு. கத்தார், குவைத், சவூதி எல்லாவற்றிலும் இதே மாதிரி உண்டு, தேதியும் நேரமும்தான் மாறும். அந்தந்த நாட்டுக்குப் போகிறவனுக்கு அந்தந்த நேரத்தை மனப்பாடம் செய்ய வையுங்கள். தாகம் எடுப்பதற்கு முன் தண்ணீர், மோர் கிடைத்தால் மோர், ஒரு சிட்டிகை உப்பு. தலை சுற்றியவுடன் உட்கார்ந்துவிட வேண்டும். ஃபோர்மேன் திட்டுவான், திட்டட்டும். ஆறு வருடம் திட்டியவன் சொல்கிறேன், மயங்கி விழுந்தவனைத் தூக்கிப்போகும்போது ஃபோர்மேனுக்கு இருக்கும் பயம் வேறு யாருக்கும் இருக்காது.

போன் விஷயம். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் சிம் கிடைக்கும், ஐடி வந்ததும் அதன் பேரில் மாற்றிப் பதிய வேண்டும். அங்கே வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், பேச்சு போகாது. இறங்கிய அன்றே அம்மாவை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் பார்த்து, வரவில்லை என்றதும் பயந்து, இங்கே அம்மாவும் பயந்து, ஒப்பாரி வைத்த வீடுகள் உண்டு. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலியை இங்கேயே இரண்டு போனிலும் போட்டுப் பழகிவிட்டால் தீர்ந்தது. உன் ஐடியில் இன்னொருவனுக்கு சிம் வாங்கிக் கொடுக்காதே. உன் சம்பளக் கார்டை யாரிடமும் கொடுக்காதே. வாட்ஸ்அப்பில் கெட்ட வார்த்தை எழுதி அனுப்பினாலே அங்கே வழக்குப் போடலாம்; நம் பையன்கள் நண்பனைக் கொஞ்சுவதே அந்த வார்த்தையில்தான், இதைச் சொல்லாமல் விடக் கூடாது. சாலையைக் கண்ட இடத்தில் கடந்தால் 400 திர்ஹம் அபராதம், மெட்ரோவில் சாப்பிட்டால் 100. ஒரு நாள் கூலியைவிட அதிகம் என்று சொன்னால் மனதில் நிற்கும்.

பணம் அனுப்புவது. போவதற்கு முன்பே வங்கியில் வெளிநாடு வாழ் இந்தியர் கணக்கு பற்றிக் கேட்டுவைக்க வேண்டும், அதில் என்.ஆர்.இ. என்கிற வகைக் கணக்கில் வரும் வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது. இருக்கிற சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது, என்.ஆர்.ஓ. என்கிற இன்னொரு வகைக் கணக்காக மாற்ற வேண்டும் என்பது விதி. இதை 17 வருடத்தில் எனக்கு ஒரு வங்கிக்காரரும் சொல்லவில்லை. வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியல் பற்றி எல்லாருக்கும் தெரியும், நீங்கள் தடை என்பீர்கள், பையன்கள் தலையாட்டுவார்கள், பிறகு பத்துப் பைசா கூடுதல் ரேட்டுக்குப் போய்விடுவார்கள். வேறு விதமாகச் சொல்லுங்கள்: உண்டியலில் உன் அம்மா கணக்குக்குப் பணம் போடுகிறவன் யாரென்று உனக்குத் தெரியாது. அவன் எங்கேயோ திருட்டுப் பணத்தில் மாட்டினால் போலீஸ் முடக்குவது உன் அம்மாவின் கணக்கை. நூறுநாள் வேலைக் கூலியும் அதற்குள்தான் இருக்கும்.

வேலை போனால்? 2023-இலிருந்து அமீரகத்தில் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். 16,000 திர்ஹம் வரை பேசிக் வாங்குகிறவனுக்கு மாதம் ஐந்து திர்ஹம்தான். எடுக்காவிட்டால் 400 திர்ஹம் அபராதம். ஒரு வருடம் கட்டியிருந்தால், தன் தப்பில்லாமல் வேலை போகும்போது பேசிக்கில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை வரும். இங்கேயும் பேசிக்தான், பாருங்கள். மருத்துவக் காப்பீடு கம்பெனி செலவு. முன்பு துபாயிலும் அபுதாபியிலும் மட்டும் கட்டாயம், 2025 ஜனவரியிலிருந்து ஷார்ஜா உட்பட மற்ற எமிரேட்டுகளிலும் வந்துவிட்டது. நான் இருந்த காலத்தில் பல்வலிக்கு கிராம்புதான்.

சிக்கல் என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதை எண்ணாகச் சொல்லுங்கள், தூதரகம் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையத்துக்கு இலவச எண் 800 46342. பழைய பட்டன் போனில் ஆங்கிலத்தில் ‘இந்தியா’ என்று அமுக்கினால் கடைசி ஐந்து எண்ணும் வந்துவிடும். இந்த விளையாட்டைச் சொன்னால் ஒருவனும் மறக்க மாட்டான். அக்கா மகன் ஒரு முறை கேட்டான், இரண்டு நாள் கழித்துத் திருப்பிச் சொன்னான்.

இவ்வளவையும் ஒரு நாளில் சொல்ல முடியுமா என்று நீங்கள் கேட்பது நியாயம். முடியாது. அதனால்தான் மூன்று யோசனை.

வகுப்பில் வீட்டு ஆளையும் உட்கார வையுங்கள். அம்மாவோ மனைவியோ, யாராவது ஒருவர். போனில் அழும் பையனுக்கு அரபியும் ஆங்கிலமும் தெரியாது, ஆனால் அம்மாவுக்கு “ஆஃபர் லெட்டர் போட்டோ என்னிடம் இருக்கிறது, கம்பெனி பெயர் இது” என்று சொல்லத் தெரிந்தால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ மத்திய அரசின் மதத் தளத்துக்கோ புகார் ஒரே நாளில் போகும். (அந்தத் தளத்துக்கு ‘மதத்’ என்று பெயர், இந்தியில் உதவி. தமிழில் படித்தால் வேறு அர்த்தம் வருகிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அதில் சேர மாட்டேன் என்றார்.)

அடுத்தது, பாடம் எடுக்கத் திரும்பி வந்தவர்களைக் கூப்பிடுங்கள். சென்னை அலுவலகங்களில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பட்டுக்கோட்டை, பரமக்குடி, தேவகோட்டை, கீழக்கரை என்று எந்த டீக்கடையில் கேட்டாலும் வளைகுடாவில் இருபது வருடம் இருந்தவர் ஒருவர் இருப்பார். சபுராளி என்று ராமநாதபுரம் பக்கம் எங்களுக்குத் தனிப் பெயரே உண்டு. சர்க்கரையும் முழங்கால் வலியுமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். கேரளத்தில் 1996-இலேயே இதற்கென்று தனித் துறை வைத்துவிட்டார்கள். நமக்கு 2011-இல்தான் சட்டமே வந்தது, வாரியம் அமைய இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியை யாரும் திருப்பித் தர முடியாது, ஆனால் அந்த இடைவெளியில் தாமாகக் கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறோம். ஜனவரி 12 அயலகத் தமிழர் தின மேடைக்குக் கூப்பிட வேண்டாம். வகுப்பறைக்குக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, கையேட்டைக் குறைத்துவிட்டு ஒரு மாதிரி ஆஃபர் லெட்டரும் ஒரு மாதிரி விசாத் தாளும் அச்சடித்துக் கொடுங்கள். இதில் என்ன தப்பு, கண்டுபிடி என்று சொல்லுங்கள். பேசிக்கைக் குறைத்து ஒன்று, தொழில் பெயரை மாற்றி ஒன்று, விசிட் விசா ஒன்று. கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குச் சான்றிதழ் கொடுங்கள். இப்போது சாயங்காலம் வரை உட்கார்ந்தவனுக்கெல்லாம் கொடுக்கிறீர்கள்.

அக்கா மகனுக்கு வருகிற புதன்கிழமை இரவு திருச்சியிலிருந்து விமானம். பேசிக் 900 என்று திருத்தி வாங்கிவிட்டான். எக்ஸ்ரே சுத்தம். பெட்டியில் குருமாப் பொடி வைப்பதா வேண்டாமா என்று அக்காவுக்கும் எனக்கும் இன்றைக்கும் சண்டை நடந்தது. கசகசா போடாமல் மறுபடி இடிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் வகுப்பு தஞ்சாவூரிலோ திருச்சியிலோ நடக்கும் நாளைச் சொன்னால் பஸ் பிடித்து வந்துவிடுவேன். படி ஒன்றும் வேண்டாம். மதியத்துக்குப் பிறகு முழங்கால் நிற்காது, அதனால் காலை வகுப்பாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பழைய துபாய்க்காரன்